அவன் சாப்பிட்டானா?

திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு விழுப்புரத்திலேயே இறங்கிவிட்ட ஒரு பையனைப் பற்றி எங்கள் தமிழய்யா வகுப்பில் சொன்னபோது எனக்கு 15 வயது. 1977ஆம் ஆண்டு, திண்டிவனத்தில் ஒன்பதாம் வகுப்பு. அன்றைய பாடம் இலக்கணம். உயர்திணை, அஃறிணை.

மதுரையில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன், 1896 ஆகஸ்ட் 29ஆம் தேதி யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு ஒரு சீட்டு எழுதி வைத்தான். போக வேண்டிய இடம் திருவண்ணாமலை. கையில் கிடைத்த பழைய நிலப்படப் புத்தகத்தில் அதற்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று இருந்தது. 2 ரூபாய் 13 அணா கொடுத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தான். வண்டியில் கூட வந்த மௌல்வி ஒருவர்தான், விழுப்புரத்தில் இறங்கினால் திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கிறது என்று சொன்னார். விடியற்காலை 3 மணிக்குப் பையன் விழுப்புரத்தில் இறங்கினான். பகலில் ஓர் ஓட்டலில் சாப்பிட்டான். பையனைப் பார்த்துக் கடைக்காரர் காசு வாங்கவில்லை. மிஞ்சியிருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து நடை. வழியில் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கி, செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். அதன்பிறகு 54 ஆண்டுகள் அந்த ஊரை விட்டு நகரவில்லை. உலகம் அவரை ரமண மகரிஷி என்றது.

எங்கள் ஐயா கோயிலுக்குப் போகிறவர் அல்ல. அவருக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தச் சீட்டுதான். அது ‘நான்’ என்று தொடங்குகிறது. ஒரு வரி தாண்டியதும் ‘நான்’ போய் ‘இது’ வந்துவிடுகிறது. கடைசியில் கையெழுத்துகூட இல்லை, ஒரு கோடுதான்.

“கிளம்புன பையன் தன்னைத்தானே அஃறிணையாக்கிட்டான். அதே ஆளு, பின்னாடி ஆசிரமத்து நாய்ங்களை ஒருநாள்கூட ‘அது’ன்னு சொன்னதில்ல. ‘அவன்’, ‘அவ’, ‘பசங்க’. இலக்கணத்தைத் தலைகீழாப் புரட்டிப்போட்டாரு. ஏன்னு யோசிங்க” என்றார் ஐயா.

நாங்கள் யோசிக்கவில்லை, சிரித்தோம். ஏனென்றால் ஜன்னலுக்கு வெளியே, புளியமரத்தடியில், ஐயாவின் நாய் மணி படுத்திருந்தான். தினமும் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடிவந்து, கடைசி மணி அடிக்கும்வரை அங்கேயே கிடப்பான்.

*

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் யாரும் நாய் ‘வளர்த்ததில்லை’. தெருவில் இருக்கும், ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையோடு ஒட்டிக்கொள்ளும். மிச்ச சோறு வாசல் கல்லில் விழும். வீட்டுக்குள் கால் வைத்தால் விறகுக்கட்டை பறக்கும். நகராட்சி ஆட்கள் சுருக்குக் கம்பியோடு வந்தால் அன்றோடு தெருவில் பாதி நாய் காணாமல் போகும். பிடித்துக் கொல்லக் கூடாது, கருத்தடை செய்து அதே இடத்தில் விட வேண்டும் என்று விதி வந்ததே 2001இல்தான்.

மனிதர்கள் பக்கத்துப் பயமும் பொய்யல்ல. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. எங்கள் வகுப்பில் ஒரு பையன் அதைப் போட்டுக்கொண்டு வயிறு வீங்கி, சட்டை பட்டன் போட முடியாமல் வந்து உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அந்த ஊசி வழியாகத்தான் தெரியும். இன்று நாலைந்து முறை கையில் போட்டு முடித்துவிடுகிறார்கள். கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவு என்று இன்று எல்லோருக்கும் சொல்லித் தருகிறார்கள். அன்று சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைத்தார்கள். எத்தனை பேரை அது கொன்றதோ.

அப்படிப்பட்ட நாளில் ஐயா வீட்டில் மணிக்குத் தனித் தட்டு இருந்தது, ஈயம் பூசிய பித்தளைத் தட்டு. செஞ்சி ரோட்டுப் பக்கம் ஓட்டு வீடு. மாலை நான்கைந்து பையன்கள் அங்கே இலவசமாக இலக்கணம் படிக்கப் போவோம். ஐயா பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் தன் மனைவியைப் பார்த்து முதலில் கேட்பது, “அவன் சாப்பிட்டானா?” ஐயாவுக்கு மகன் கிடையாது, ஒரே மகள். புதிதாக வந்த பையன் ஒருவன் யாரைக் கேட்கிறார் என்று தெரியாமல் வீடு முழுக்கத் தேடிப் பார்த்தான்.

*

நன்னூலில் திணை மாறிச் சொல்வதற்கு இடம் தரும் விதி ஒன்று உண்டு. நாய், மாடு, மரம் எல்லாம் அஃறிணை. அவற்றை உயர்திணையாகச் சொன்னால் வழு. ஆனால் மகிழ்ச்சியால் சொன்னால் குற்றமில்லை என்கிறார் நன்னூலை எழுதிய பவணந்தி. பசு வீடு திரும்பும்போது ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்வதைத்தான் உரைகாரர்கள் எடுத்துக்காட்டாகத் தருவார்கள். ஐயா இதை நடத்தும்போது சந்தோஷமாக நடத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அதே நூற்பாவுல இன்னொரு வாசலும் இருக்குதுப்பா. கோவத்துனாலயும் இழிவு பண்றதுக்காகவும் மனுசனை அஃறிணையாச் சொல்றதையும் பவணந்தி சேர்த்துச் சொல்லிட்டுப் போயிருக்காரு. ஜனங்க பேசுறது அப்படி, அவரு எழுதிவச்சாரு. ஒரே கதவு. அன்பு இருந்தா மாடு அம்மா ஆவுது. வெறுப்பு இருந்தா மனுசன் ‘அது’ ஆயிடறான். எந்தப் பக்கமாப் போறோம்ங்கிறதுதான் கேள்வி.”

அதன் பொருள் எனக்கு அடுத்த ஆண்டே விளங்கியது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் சாதி வெறியில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். 40 கிலோமீட்டர்கூடத் தள்ளியில்லாத எங்கள் ஊரில் கடைகள் சீக்கிரம் சாத்தப்பட்டன. டீக்கடையில் பெரியவர் ஒருவர், செத்தவர்களைப் பற்றி, “அதுங்க சும்மா இருந்திருந்தா...” என்று பேச ஆரம்பித்தார். ஐயா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். “அவங்க” என்றார். பெரியவர் புரியாமல் பார்த்தார். “அவங்கன்னு சொல்லிட்டு அப்புறம் பேசுங்க.” கடை அமைதியானது. ஐயா காசை வைத்துவிட்டு நடந்தார். மணி பின்னால் போனான். அந்த ஒரு எழுத்துக்காக ஐயா கை நடுங்க நின்றதை நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.

எங்கள் வட்டாரப் பேச்சில் பாசமும் அஃறிணையில் வரும். ‘அக்கா வந்துச்சு’, ‘அம்மா சொல்லுச்சு’ என்போம். அதில் ஒரு துளி அவமதிப்பு கிடையாது. அதே விகுதியை வாயைக் கோணி இழுத்தால் ஒரு சேரியையே மண்ணாக்கலாம். இலக்கணம் எழுத்தில் இருக்கிறது, ஈரம் குரலில் இருக்கிறது.

நாய் மேல் உயிரை வைத்திருந்தவர், யாரையாவது ‘நாயே’ என்று திட்டினால் எரிந்து விழுவார். அதற்கு அவர் சொல்லும் காரணங்கள் நாய்க்காக மட்டும் இல்லை. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நாய் நடக்கலாம், ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்றிருந்ததை எதிர்த்துத்தான் 1924இல் போராட்டம் வெடித்தது, பெரியார் போய்ச் சிறைப்பட்டார். மகாராஷ்டிரத்தில் மகாடு குளத்தில் கால்நடை வாய் வைக்கலாம், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கை வைக்கக் கூடாது. 1927 மார்ச்சில் அம்பேத்கர் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அந்த அம்பேத்கர் தம் மும்பை வீடான ராஜகிருகத்தில் 1934 பிப்ரவரியில் குடும்பத்தோடு எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருக்கிறது. மகன், மனைவி ரமாபாய், அண்ணி, அண்ணன் மகன். அவர்களோடு டாபி என்ற நாயும் குடும்பத்தில் ஓர் ஆளாக இருக்கிறது. ஐயா அந்தப் படத்தைக் காட்டிச் சொன்னார்: “நாயைவிடக் கீழா நடத்தப்பட்ட ஜனத்துலேர்ந்து வந்தவருக்கு நாய் மேல கோவம் வரலை பாரு. தப்பு நாய் மேல இல்லைன்னு அவருக்குத் தெரியும்.”

*

நான் ரயில்வேயில் சேர்ந்து முதல் போஸ்டிங் திண்டிவனத்துக்கே வந்தது. மீட்டர்கேஜ் காலம். மீட்டர்கேஜிலேயே மின்சார எஞ்சின் ஓடிய தடம் எங்களுடையது. டிக்கெட் என்றால் விரல் நீளத்துக்குக் கெட்டி அட்டை. தேதி அச்சில் செருகி எடுத்தால் ‘டக்’கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடு ஆயிரம் முறை விழுப்புரத்துக்கு டிக்கெட் கொடுத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அந்த மதுரைப் பையன் வாங்கிவிட்டுப் பயன்படுத்தாமல் போன கடைசித் துண்டுத் தூரம் நினைவுக்கு வரும்.

1986இல் ஐயா ஓய்வு பெற்று, விழுப்புரத்தில் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். மணி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தான். அடுத்தவன் கருப்பன், நான்கு வயது. பாசஞ்சர் வண்டியில் நாயைக் கொண்டுபோக வேண்டுமானால் லக்கேஜ் டிக்கெட் போட்டு, கார்டு வண்டியில் இருக்கும் நாய்ப்பெட்டியில் ஏற்ற வேண்டும். இரும்புக் கம்பி போட்ட, குனிந்து பார்க்கிற உயரத்துக்கு ஒரு பெட்டி.

நான்தான் சீட்டு எழுதினேன். விவரம் என்ற இடத்தில் ‘நாய் - 1’ என்று போட்டேன். ஐயா கண்ணாடியைத் தூக்கிப் படித்தார்.

“பேர் எழுத எடமில்லையாப்பா?”

“இதுல அதுக்குக் கட்டம் இல்லைங்கய்யா.”

“மூட்டைக்குப் பேர் வேணாம். இவனுக்கு வேணும்ல?”

ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் ‘கருப்பன்’ என்று எழுதிக் கொடுத்தேன். விதிப்படி அது அநாவசியம். என் பணிக்காலத்தில் எழுதிய ஆயிரக்கணக்கான சீட்டுகளில் மனம் நிறைந்து எழுதியது அந்த ஒரு சொல்.

அன்று வண்டியில் போன கார்டு பிறகு என்னிடம் சொன்னார். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று வண்டி நின்ற ஒவ்வொரு இடத்திலும் ஐயா இறங்கிக் கடைசிப் பெட்டி வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்து, கம்பி வழியாக விரலை நீட்டியிருக்கிறார். கருப்பன் நக்கியதும் திரும்பியிருக்கிறார். 59 வயது அவருக்கு.

*

விழுப்புரத்துக்கு நானும் மாற்றலாகி வந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயா வீட்டுக்குப் போவேன். அங்கேதான் ரமணரின் நாய்களைப் பற்றி ஒவ்வொருவராகத் தெரிந்துகொண்டேன். ஆர்தர் ஆஸ்பர்ன் எழுதிய வரலாற்றை அவர் அட்டை கிழியப் படித்து வைத்திருந்தார்.

சின்னக்கருப்பன், ரமணர் மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தவன், உடம்பெல்லாம் ஒரே கருப்பு. கமலா கந்தாசிரமத்துக்குக் குட்டியாக வந்தவள். வருஷாவருஷம் குட்டி போடுமே என்று பயந்து அடியார்கள் விரட்டிப் பார்த்தார்கள், அவள் போகவில்லை. புதிதாக யாராவது வந்தால், இவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வா என்பாராம் ரமணர். கமலா முன்னால் நடந்து மலையைச் சுற்றியுள்ள குளம், கோயில் எல்லாவற்றுக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவாளாம். அவளுக்கு முதல் பிரசவம் ஆனபோது குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, பத்து நாள் குட்டிகளோடு ஆசிரமத்தில் மரியாதையான இடம் கொடுத்தார்கள். பத்தாம் நாள் விருந்து. பிள்ளை பெற்ற வீட்டில் நடப்பது எல்லாம் நடந்தது.

சாப்பாட்டில் ரமணர் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் நாய்கள், அடுத்து வாசலுக்கு வரும் பிச்சைக்காரர்கள், கடைசியில் பக்தர்கள். பசங்களுக்கு ஆயிற்றா என்று அவர் கேட்டால் ஆசிரமத்து நாய்களைக் கேட்கிறார் என்று பழகியவர்களுக்குத் தெரியும்.

இதைச் சொல்லும்போது ஐயா இன்னொன்றையும் விடாமல் சொல்வார். அதே ஆசிரமத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்களுக்கென்று தனித் தடுப்பு இருந்தது. “நாய்க்கு முதல் பந்தி கிடைச்ச எடத்துலயும் மனுசனுக்கு மனுசன் நடுவுல தட்டி இருந்துச்சுப்பா. பெரியவங்களைப் பத்திப் பேசுறப்ப ரெண்டையும் சேத்துச் சொல்லணும். ஒண்ணைச் சொல்லி ஒண்ணை மறைச்சா அது பக்தி, படிப்பு இல்ல.”

1994. கருப்பனுக்கு வயதாகி, காதுக்குப் பின்னால் புண் வந்து புழு வைத்துவிட்டது. கால்நடை மருத்துவர் மருந்து கொடுத்திருந்தார், ஆனால் தினமும் புழுவை எடுக்க வேண்டும். கிணற்றடியில் சாக்கு விரித்து, துண்டால் வாயை இளக்கமாகக் கட்டி, நான் தலையைப் பிடித்துக்கொள்வேன். ஐயா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கற்பூரத்தைல டப்பாவின் மூடியில் போடுவார். வெள்ளையாக, அரிசி முனை மாதிரி நெளியும். நாற்றம் தாங்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஐயா திரும்பவில்லை. எடுக்க எடுக்கக் கருப்பனோடு பேசிக்கொண்டே இருந்தார். “இன்னும் ரெண்டுதான்டா. முடிஞ்சிச்சு. நீ நல்லவன்ல?” பள்ளியில் எங்களுக்குச் சந்தி பிரித்துக் காட்டும்போது இருந்த அதே பொறுமை.

அன்று கைகழுவிக்கொண்டே ஜாக்கியைப் பற்றிச் சொன்னார். ரமணாசிரமத்தில் மற்ற நாய்களோடு சேராமல், அடியார் ஒருவர் கொடுத்த காவித் துணியில் உட்கார்ந்து ரமணரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நோயில் விழுந்து உடம்பு நாற்றமெடுத்தபோது ரமணர் அவனுக்கு மெத்தென்று படுக்கை போட்டு, அருகிருந்து கவனித்தார். செத்தபிறகு ஆசிரமத்துக்குள்ளேயே புதைத்துச் சமாதி எழுப்பினார்கள்.

அதே காலத்தில் உலகின் இன்னொரு பக்கம் இதற்கு எதிராக ஒன்று நடந்தது. மனித மனத்தைக் கிண்டிக் கிளறி எழுதிய சிக்மண்ட் பிராய்டு, முதுமையில்தான் நாய்களோடு பழகத் தொடங்கினார். 1938இல் நாஜிகளுக்குத் தப்பி லண்டன் போனபோது அவருடைய சௌ சௌ நாய் லூனை ஆறு மாதம் தனிமைக் காப்பகத்தில் வைத்துவிட்டார்கள். உடம்பு முடியாத நிலையிலும் போய்ப் பார்த்துவந்தார். அடுத்த ஆண்டு தாடைப் புற்றுநோய் முற்றிப் புண்ணிலிருந்து நாற்றம் வந்தது. லூன் கிட்டே வர மறுத்து மூலையில் ஒண்டிக்கொண்டது. அந்தக் கிழவர் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். 1939 செப்டம்பர் 23இல் இறந்தார்.

இதைக் கேட்டு எனக்கு லூன் மேல் கோபம் வந்தது. ஐயாவுக்கு வரவில்லை. “நாய்க்கு மூக்குதான் உலகம். அது என்ன பண்ணும்? நாத்தத்தைத் தாண்டி வர்ற வேலை மனுசனுக்குத்தான்யா கொடுத்திருக்கு” என்றார். அன்று ஒருநாள்தான் அவர் வாயில் ஒரு நாய்க்கு ‘அது’ வந்தது. குறை சொல்லாமல், மன்னிக்கிற இடத்தில் வந்தது.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஷோப்பன்ஹவரைப் பற்றியும் சொல்வார். உபநிடதங்களை லத்தீன் மொழிபெயர்ப்பில் படித்து உருகியவர், தான் வளர்த்த பூடில் நாய்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ‘ஆத்மா’ என்றே பெயர் வைத்தார். அவை குறும்பு செய்தால் ‘ஏ மனிதா’ என்று திட்டுவார் என்பார்கள். ஐயா இதற்கு மட்டும் தலையை ஆட்டிக்கொள்வார். “மனுசன்கிற சொல்லும் வசவாயிடக் கூடாதுப்பா. நாயை ஏத்துறதுக்கு மனுசனை எறக்க வேண்டியதில்ல.”

கருப்பன் அந்தக் கார்த்திகையில் போனான். வீட்டுக்குப் பின்னால் வேம்படியில் குழி தோண்டினோம். ஐயா எதுவும் பேசவில்லை. பித்தளைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

*

2004இல் ஐயாவுக்கு 77 வயது. நினைவு கலைய ஆரம்பித்துவிட்டது. முதலில் தேதி போனது, அப்புறம் பெயர்கள், அப்புறம் முகங்கள். புறநானூற்றுப் பாடல்களை எண் சொன்னால் ஒப்பிக்கிறவர், குளியலறைக்கு வழி தெரியாமல் கூடத்தில் நின்றார். காலடியில் அப்போது இருந்தவன் செவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே போனதும் என்னை உற்றுப் பார்த்தார். மகளிடம் திரும்பி, “இது யாரு?” என்றார்.

27 ஆண்டுப் பழக்கம். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே நின்றேன். அக்கா பதறி என் பெயரைச் சொன்னார். ஐயா தலையசைத்தார், ஆனால் பிடிபடவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. பிறகு செவலையைப் பார்த்து, தெளிவாக, பழைய குரலில் கேட்டார்: “அவன் சாப்பிட்டானா?”

வீடு திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். கண் கலங்கிக்கொண்டே இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. திருவண்ணாமலைப் பக்கம் போகிற வண்டி. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. ‘நான்’ என்று தொடங்கி ‘இது’ என்று முடிந்த சீட்டு. அந்தப் பையன் விரும்பி ஏற்றுக்கொண்ட சொல் அல்லவா எனக்குக் கிடைத்திருப்பது என்று தோன்றியது. 1902இல் தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, அலுவல் விஷயமாகத் திருவண்ணாமலை போனவர், குகையில் பேசாமல் இருந்த அந்த இளைஞரிடம் கேட்ட கேள்விகளும் எழுதி வாங்கிய பதில்களும்தான் ‘நான் யார்?’ என்ற சிறு நூல். அப்போது திண்டிவனமும் விழுப்புரமும் அந்தத் தென்னார்க்காட்டைச் சேர்ந்தவை. எங்கள் மாவட்டத்து ஆள் ஒருவர் கேட்ட கேள்வியை எங்கள் ஐயா என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டார். பதில் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு வலி குறைந்தது.

அடுத்த ஆண்டு ஐயா போனார்.

*

இப்போது நான் ஓய்வு பெற்று, ஐயா விழுப்புரத்துக்கு வந்தபோது இருந்த வயதையும் தாண்டிவிட்டேன். என்னோடு இருப்பவள் ராணி. ரயில்வே யார்டில் கிடைத்த நாட்டு நாய்க்குட்டி, இப்போது ஒன்பது வயது. அட்டை டிக்கெட் போய்விட்டது, கைப்பேசியிலேயே டிக்கெட் வருகிறது. மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்துவிட்டது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புது ரயில்பாதை என்று அறிவித்து எத்தனையோ ஆண்டு ஆகிறது, ரயில் இன்னும் ஓடவில்லை. 1896இல் அந்தப் பையன் எடுத்த டிக்கெட்டை இன்று எடுத்தாலும் திண்டிவனத்தில் இறங்கி, செஞ்சி வழியாக பஸ்தான் பிடிக்க வேண்டும்.

நாய்களின் உலகம் மாறியிருக்கிறது. ராணியை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் ஒரு படிவம் தருகிறார்கள். முதல் வரியே ‘பெயர்’. அடுத்து வயது, போட்ட தடுப்பூசிகள். பெயர் எழுதும்போதெல்லாம் அந்த லக்கேஜ் சீட்டின் ஓரம் என் விரலுக்குத் தெரிகிறது. கடைகளில் பை பையாக நாய் உணவு தொங்குகிறது. விலை கொடுத்து வாங்கும் சாதி நாய்களுக்கு ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிப் போகிறார்கள். அதே தெருவில், பெயரில்லாத நாய்கள் குப்பையைக் கிளறுகின்றன. கடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாயும் அதே தெருவில்தான் இருக்கிறாள். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 11 நாளில் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது என்றது. நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அந்தச் சண்டையைப் படித்தபோது, நாயை ‘அவன்’ என்று எழுதியவர்களில் சிலர், எதிர்த்துப் பேசிய ஏழைத் தாய்மார்களை ‘இதுகள்’ என்று எழுதியதைப் பார்த்தேன். ஐயா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருப்பார்.

எனக்கு அவர் விட்டுப்போனது அந்த ஒரு பாடம்தான். கதவு ஒன்றுதான், எந்தப் பக்கமாகப் போகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாயை உள்ளே அழைத்துக்கொண்டே ஒரு மனிதரை வெளியே தள்ளினால், நான் நன்னூல் படித்தது வீண்.

சென்ற மாசியில் திருவண்ணாமலை போயிருந்தேன். ரமணாசிரமத்தில் மயில்கள் அகவுகிற பின்பக்கத்தில் அந்தச் சிறிய சமாதிகள் இருக்கின்றன. பசு லட்சுமி, மான் வள்ளி, ஒரு காகம், நாய் ஜாக்கி. 1948 ஜூன் 18இல் லட்சுமி இறந்தாள். அதன்பின் ரமணருக்கே கையில் கட்டி வந்து, நான்கு முறை அறுவை செய்தும் குணமாகாமல், 1950 ஏப்ரல் 14 இரவு அவரும் போனார். அவருக்குப் பெரிய மண்டபம். இவர்களுக்கு முழங்கால் உயரத்தில் கல்.

ஒரு பெண், கிராமத்துச் சாயல், ஐந்தாறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை இப்போதுதான் எழுத்துக்கூட்டப் படித்திருக்க வேண்டும். கல்லுக்கு முன்னால் குந்தி, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினாள்.

“ஜா... க்... கி.”

படித்து முடித்த சந்தோஷத்தில் அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

“ஜாக்கின்னா யாரும்மா?”